எந்த உயரத்தில்?

கிழக்கிலிருந்து மும்பைக்கு வரும் விமானங்கள் தானே காடி என்கிற கடற்கழியைத் தாண்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். கோபர்கைரனேயில் மொட்டைமாடியில் நின்றால் சக்கரங்கள் வெளியே தொங்குவதுகூடத் தெரியும். 1993-இல், கலவரம் ஓய்ந்த கையோடு, தாராவி 90 அடி ரோட்டுப் பக்கமிருந்து நாங்கள் இங்கே குடிவந்தபோது ஊரென்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. சிட்கோ கட்டிய குட்டி வீடுகள், பாதி போட்டு நிறுத்திய ரோடுகள், காற்று திரும்பினால் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையிலிருந்து வரும் மருந்து நாற்றம். ரயில் கிடையாது. எதற்கும் வாஷிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். தாராவியில் வாசலை விட்டு இறங்கினால் கருவேப்பிலையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை தமிழில் கிடைக்கும். இங்கே ஒரு முருங்கைக்காய்க்கு நாலு தெரு அலைய வேண்டியிருக்கிறது என்று அம்மா ஒரு வருஷம் புலம்பினாள்.

அந்த வீட்டுக்குத்தான் சின்னத் தாத்தா வந்து சேர்ந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா. திருநெல்வேலிப் பக்கத்துத் தச்சர். எங்கள் தாத்தா பம்பாய்க்கு ரயிலேறியபோது தம்பிக்காரர் பெங்களூருக்கு ரயிலேறி, விமானத் தொழிற்சாலையில் மரவேலைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர். சின்னப் பாட்டி போன பிறகு அப்பா போய் அழைத்துவந்தார். ஒரு தகரப் பெட்டி நிறைய துணியும், கோணிப்பையில் சுற்றிய உளிகளும் இழைப்புளியுமாக வந்து இறங்கினார். துணிப்பெட்டியைத் தூக்க அப்பாவை விட்டார். கோணிப்பையை யாரையும் தொடவிடவில்லை.

விமானக் கம்பெனியில் தச்சனுக்கு என்ன வேலை என்று அண்ணன் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டான். "மேசை நாற்காலி செஞ்சியளா தாத்தா?" தாத்தா பதில் சொல்லவில்லை. அவருக்குப் பிடிக்காத கேள்வி காதில் விழாது.

அப்போது தெருவில் டிரம்ப் கார்டு பைத்தியம். அண்ணனும் எதிர்வீட்டு மராட்டிப் பையன்களும் மாடிப்படியில் உட்கார்ந்து விமானக் கட்டு வைத்து ஆடுவார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு விமானப் படம். கீழே நீளம், எடை, வேகம். "ஸ்பீடு" என்று ஒருவன் கூவினால் எல்லோரும் தங்கள் அட்டையைத் திருப்ப வேண்டும். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றதை அள்ளிக்கொள்வான். எஸ்.ஆர்.-71 யார் கையில் வருகிறதோ அவன்தான் அன்றைக்கு ராஜா: மணிக்கு 3,500 கிலோமீட்டர். அந்தக் கட்டில் மூக்கில் விசிறி வைத்தது ஒன்றே ஒன்று, ஃபோக்கே-வுல்ஃப் 190. எதற்கும் உதவாத அட்டை. "அவளையும் சேத்துக்கிடுங்கலே" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டால், அதை என் தலையில் கட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்கள்.

ஒரு சாயங்காலம் தாத்தா அந்த அட்டையை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம டேங்க் செஞ்சதுல்லா?"

டேங்க் எப்படி விமானம் செய்யும் என்று பையன்கள் சிரித்தார்கள். தாத்தா அசரவில்லை. "குர்ட் டேங்க். ஜெர்மன்காரர். அவருகிட்டதான் நான் வேல பாத்தேன். அவருகிட்டன்னா, அவரு ஆபீஸ்ல, நான் பட்டறையில." பிறகு அட்டையின் கடைசி வரியில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். "வேகம்னு ஒரு நம்பர் போட்டிருக்கான். எந்த உயரத்திலன்னு போடலியே? எவ்வளவு நேரம் அந்த வேகத்துல போவும்னு போடலியே?"

இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு அவர் அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்னது எது, பிறகு நானாகத் தேடிப் படித்தது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. எல்லாம் அவர் குரலில்தான் மனதில் இருக்கிறது.

தண்ணீர்க் குடத்தோடு மூன்றாவது மாடிக்கு ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குவது மாதிரிதான் பிஸ்டன் எஞ்சினுக்கும் என்று தொடங்குவார். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலியும். 12,500 மீட்டரில் தரைமட்டத்துக் காற்றின் அடர்த்தியில் கால் பங்குகூட இருக்காது. எஞ்சின் சக்தி இழக்கும். ஆனால் அதே மெலிந்த காற்று விமானத்தைத் தடுப்பதும் குறைவு. ஆக, எஞ்சினுக்கு மட்டும் எப்படியாவது காற்றை ஊட்டிவிட்டால் மேலேதான் வேகம். 1944, 45-இல் ஜெர்மன்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான். எதிரிகளின் குண்டுவீச்சு விமானங்கள் உயரத்தில் வந்தன. அவற்றுக்குக் காவலாக வந்த அமெரிக்க மஸ்டாங் 7,600 மீட்டர் உயரத்தில் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தொட்டது. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் கடைசி வார்ப்பான கே-4 ஏறத்தாழ அதே உயரத்தில் 710-ஐத் தாண்டியது. ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ நீள மூக்கோடு திருத்திய டி-9 ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டரில் 690 பக்கம். அதற்கு மேலே போனால் டி-9-க்கு மூச்சு முட்டும்.

அதற்காக டேங்க் செய்ததுதான் டா 152. 'டா' என்பது ஆங்கில எழுத்தில் அவருடைய பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். அதுவரை கம்பெனிப் பெயரில் வந்த விமானங்களுக்கு இவர் பெயரை வைத்துக்கொள்ள அரசே அனுமதித்தது. அதன் உயர்வானச் சண்டை வகைக்கு இறக்கை நுனிக்கு நுனி 14.44 மீட்டர், 190-க்குப் பத்தரை மீட்டர்தான். உள்ளே யூமோ 213 எஞ்சின், பன்னிரண்டு சிலிண்டர், காற்றை இரண்டு கட்டமாக அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர். அதுவும் போதாமல் இரண்டு திரவங்கள்.

இரண்டு திரவங்களில் ஒன்றை எங்களுக்குக் காட்டவே கூட்டிப்போனார். தானே–பேலாப்பூர் ரோட்டோரம் டேங்கர் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் அடியில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தூங்குவார்கள். ஒரு லாரியின் முதுகில் 'மெத்தனால்' என்று சிவப்பில் எழுதியிருந்ததைக் கைத்தடியால் காட்டினார். "இதுல பாதி, தண்ணி பாதி. எஞ்சினுக்குள்ள பீச்சி அடிப்பான்." உள்ளே போகும் காற்று குளிரும், குளிர்ந்தால் எஞ்சின் இடிக்காமல் அதிக அழுத்தத்தைத் தாங்கும், சக்தி கூடும். எம்.டபிள்யூ. 50 என்று அதற்குப் பெயர். ஒரே மூச்சில் பத்து நிமிஷத்துக்கு மேல் அடிக்கக் கூடாது, இடையில் எஞ்சினை ஆறவிட வேண்டும். இன்னொன்று நைட்ரஸ் ஆக்சைடு, பல் டாக்டர்கள் வைத்திருந்த அதே சிரிப்பு வாயு. மிக உயரத்தில் காற்றே இல்லாத இடத்தில் எரிப்பதற்கான ஆக்சிஜனை அது கொண்டுபோகும். இரண்டையும் வைத்துக்கொண்டு டா 152, 12,500 மீட்டரில் மணிக்குக் கிட்டத்தட்ட 760 கிலோமீட்டர் போனது. அதே விமானம் தரைக்குப் பக்கத்தில் 600-ஐ எட்டுவதே பாடு. "இப்பம் சொல்லு, அதோட ஸ்பீடு என்ன?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்து, யார் இந்தக் கிழவர், என் வண்டியைக் காட்டி என்ன பேசுகிறார் என்று இந்தியில் கேட்டான்.

அண்ணன் விடவில்லை. வேகப் பதிவுப் புத்தகம் ஒன்றைப் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்து, 1939-லேயே ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 755 கிலோமீட்டர் போயிருக்கிறதே என்று மடக்கினான். தாத்தாவுக்கு அன்று கொண்டாட்டம். மீ 209 என்ற அந்த விமானம் அந்த ஓட்டத்துக்காகவே செய்தது. 1939 ஏப்ரல் 26-இல் ஃபிரிட்ஸ் வெண்டல் ஓட்டினார். தரையை ஒட்டி, அளந்து வைத்த ஒரு சிறு தூரம். எஞ்சினைச் சாகிற அளவுக்கு முறுக்கிவிட்டு எடுத்த வேகம். பிஸ்டன் விமானங்களில் அந்தப் பதிவை உடைக்க 1969 வரை ஆனது. ஆனால் அதில் துப்பாக்கி வைத்துச் சண்டைக்கு அனுப்ப முயன்றபோது அது ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் உலகப் போரில் டேங்க் குதிரைப்படையில் இருந்தவர். மெஸ்ஸர்ஷ்மிட்டும் ஸ்பிட்ஃபயரும் பந்தயக் குதிரைகள், தனக்கு வேண்டியது சேற்றிலும் கல்லிலும் ஓடுகிற படைக்குதிரை என்று நினைத்துத்தான் 190-ஐ வரைந்தார்.

760-க்கு மேல் ஏன் போகவில்லை? அதையும் தாத்தா தன் வழியில் சொல்லிக் கொடுத்தார். வேகம் கூடக் கூட எதிர்க் காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி மூன்றாம் மடி கணக்கில் ஏறும். 700-லிருந்து 760-க்குப் போக எஞ்சினில் கால் பங்குக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். அதோடு விசிறியின் நுனி ஒலிவேகத்தை நெருங்கும்போது அது காற்றைத் தள்ளுவதை விட்டுவிட்டு இரைச்சல்தான் போடும். விசிறிக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் ஜெட்.

எங்களுக்குப் பிடித்த கதை வேறு. 1944 கடைசியில் டேங்க் தானே ஒரு டா 152-ஐ ஓட்டிக்கொண்டு லாங்கன்ஹாகனிலிருந்து காட்புஸுக்கு ஒரு கூட்டத்துக்குப் போகிறார். வரைந்தவரே ஓட்டியும் பார்ப்பது அவர் வழக்கம். பின்னால் மஸ்டாங்குகள் வந்துவிட்டன. டேங்க் மெத்தனாலைத் திறந்துவிட்டார்; மஸ்டாங்குகள் சிறுத்துப் புள்ளியாகிக் காணாமல் போயின. இதைச் சொல்லும்போது தாத்தா வலக்கையால் ஒரு தள்ளு தள்ளுவார், மோவாய் முன்னால் வரும். "பெறகு கூட்டத்துக்கு நேரத்துக்குப் போயிட்டாரு." எங்களுக்கு அந்த வரிதான் சிரிப்பு. அந்த விமானங்களைச் செய்த தொழிற்சாலைகளில் பிடித்துவரப்பட்ட அயல்நாட்டுக் கைதிகள் வேலை பார்த்தார்கள் என்பதும், யாருடைய போருக்காக அந்த வேகம் என்பதும் தாத்தாவின் கதையில் வராது. பெரியவளான பிறகு இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வரவில்லை. எப்படியும் 1945 ஜனவரியில்தான் டா 152 படைக்கு வந்தது. அப்போது பெட்ரோலும் இல்லை, ஓட்டுகிறவனும் இல்லை. சில டஜன் விமானங்களோடு கதை முடிந்தது.

தாத்தாவின் மனம் உண்மையில் போய் நிற்பது இன்னொரு விமானத்தில். டா 154. ஆங்கிலேயர்களின் மரவிமானமான மாஸ்கிட்டோவுக்குப் பதிலடியாக டேங்க் மரத்திலேயே செய்த இரட்டை எஞ்சின் இரவுச் சண்டை விமானம். 1943 ஜூலையில் பறந்தது. மரத்தை ஒட்ட டேகோ ஃபிலிம் என்று காகிதம் போலத் தாள் தாளாக வரும் ஒரு பசை. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் உருகிப் பிடித்துக்கொள்ளும். அது வூப்பர்டால் நகரத்தில் தயாரானது. குண்டு போட்டார்கள், ஆலை போயிற்று. மாற்றுப் பசை வந்தது. அதில் இருந்த அமிலம் மரத்தையே தின்றது. 1944-இல் விமானங்கள் வானத்தில் பிய்ந்து விழுந்தன. டேங்க் உற்பத்தியை நிறுத்தினார். நாசவேலை செய்ததாக ஜெர்மன் விமானப்படைத் தலைவன் கோரிங் அவர்மேலேயே பழி போட்டான்.

இதை அவர் சொன்னது எனக்கு ஒரு டா 152 செய்து கொடுத்த நாட்களில். எம்.ஐ.டி.சி.யில் இயந்திரம் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டியை உடைத்து, பழைய கடைக்காரனிடமிருந்து அப்பா பலகை வாங்கிவந்திருந்தார். தாத்தா ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். இறக்கைக்கு நீள ரேகை. குறுக்கே ஓடினால் ஓரமாக வைத்துவிடுவார். இழைப்புளியிலிருந்து சுருள் அறுபடாமல் வர வேண்டும், அறுந்தால் ரேகைக்கு எதிராக ஓட்டுகிறாய் என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. விரல் நுனி சிவந்துவிடும். ஒட்டும் நாளில் நான் ஃபெவிகால் டப்பாவை நீட்டினேன். வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்தார். "ஊர்ல வஜ்ஜிரம் காய்ச்சுவோம். தெருவே நாறும். ஆனா எந்த மாட்டுத் தோலுன்னு நமக்குத் தெரியும்." பிறகு நூலால் இறுகக் கட்டி இரண்டு நாள் தொடக் கூடாது என்றார். "மரத்துக்கு ஒண்ணும் ஆகல அங்க. பசைதான் தோத்துது. ஓட்டுனவன் செத்தான், பழி வரைஞ்சவனுக்கு."

போருக்குப் பிறகு டேங்க் அர்ஜென்டினா போனார், வேறு பெயரில், பேரோன் ஆட்சியில். அங்கே புல்கி-2 என்ற ஜெட் விமானம் 1950-இல் பறந்தது. 1955-இல் பேரோன் கவிழ்ந்ததும் அடுத்த நாடு தேட வேண்டியதாயிற்று. நேரு காலத்து இந்தியா அழைத்துக்கொண்டது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் பேராசிரியராக இருந்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் குறிப்பிடுகிறார். 1956-இல் பெங்களூரில் எச்.எஃப்.-24 என்ற போர் விமானத்தின் வேலை தொடங்கியது. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் போக வேண்டும் என்பது விமானப்படை கேட்டது. விசிறியில் 760-ஓடு நின்றவர் இப்போது இரண்டாயிரத்துக்கு மேல் போக வரைந்தார்.

அண்ணனின் பழைய கேள்விக்கும் இங்கேதான் பதில் வந்தது. உலோகத்தில் செய்வதற்கு முன்னால் அதே அளவில், அதே வடிவில், முழுக்க மரத்தில் எஞ்சின் இல்லாமல் ஒன்று செய்து பறக்கவிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. டகோட்டா விமானத்தில் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் அவிழ்த்துவிட வேண்டியது, மிதந்து இறங்கும். 1959-இல் பறந்தது. மொத்தம் 78 தடவை. "மேசை நாற்காலி செஞ்சியளான்னு கேட்டியே. பின்னால மடிஞ்ச இறக்க, அதோட ஓரம் கத்தி மாதிரி வரணும். அதுல நாங்க இழைச்சோம்." அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அண்ணனை மடக்கவில்லை.

அந்த எச்.எஃப்.-24 விமானம், மாருத், வொர்லி நேரு அறிவியல் மையத்தில் நிற்கிறது என்று அப்பாவுக்கு யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பஸ்ஸில் வாஷி, ஹார்பர் வண்டியில் குர்லா, அங்கிருந்து தாதர், பாலம் ஏறி மேற்கு லைனில் மகாலட்சுமி. தாத்தா வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. தோட்டத்தில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சாமான்களைத் தாண்டி அது நின்றுகொண்டிருந்தது. என் கட்டை விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு அது நீளமாகவும் இளைத்தும் தெரிந்தது.

தாத்தா முன்பக்கம் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்து இரண்டு எஞ்சின் குழாய்களையும் பார்த்தார். "இதுக்குள்ள வர வேண்டியவன் வரல." டேங்க் எதிர்பார்த்தது பிரிஸ்டல் கம்பெனி செய்துகொண்டிருந்த, பின்னெரிப்பு வைத்த புதிய ஆர்ஃபியஸ் எஞ்சின். பிரிட்டன் அதைக் கைவிட்டது. செலவை இந்தியா ஏற்றால் முடித்துத் தருகிறோம் என்றார்கள், டெல்லி ஏற்கவில்லை. கையில் இருந்த சிறிய ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் போட்டு 1961 ஜூனில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் பறக்கவிட்டார். பிறகு எகிப்தில் செய்த எஞ்சினைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. இருமடங்கு ஒலிவேகத்துக்கு வரைந்த உடம்பு ஒலிவேகத்தைத் தொடவே திணறியது. 147 செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் தாழப் பறந்து நன்றாகவே சண்டை போட்டது. வான்சண்டையில் ஒன்றுகூட விழவில்லை. பின்னெரிப்பு வைத்த ஒன்றைச் சோதிக்கும்போது 1970 ஜனவரியில் தாஸ் இறந்தார். பெங்களூரில் தொழிற்சாலைப் பக்கத்து ரோட்டுக்கு அவர் பெயர்தான். டேங்க் அதற்கு முன்பே ஜெர்மனி திரும்பிவிட்டார். 1983-இல் மியூனிக்கில் காலமானார்.

தாத்தா விரல் முட்டியால் தகட்டைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். காவலாளி விசில் அடித்தான். அப்பா ஓடிப்போய் அவனிடம் மராட்டியில் ஏதோ சொன்னார். அவன் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, தாத்தாவை இன்னொரு சுற்று தட்ட விட்டான்.

2001 ஜனவரியில் பெங்களூரில், பிறகு தேஜஸ் என்று பெயர் வைத்த போர் விமானம் முதன்முதலாகப் பறந்ததை டி.வி.யில் காட்டினார்கள். தாத்தாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முழுதாகக் கேட்டுவிட்டு, "எஞ்சின் யாருது?" என்றார். செய்தி வாசித்தவர் அதைச் சொல்லவில்லை. மறுநாள் அப்பா பேப்பரில் தேடிப் பிடித்து வாசித்தார்: அமெரிக்கா, ஜெனரல் எலெக்ட்ரிக், ஒரே எஞ்சின். அந்த ஒன்றே மாருத்தின் இரண்டையும் சேர்த்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தள்ளும். "ஒண்ணுதானா?" என்று கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, நம்ம எஞ்சின் வரும்வரைக்கும் அவன் குடுப்பானான்னு அந்தப் பேப்பரில் போட்டிருக்கா, நல்லாப் பாக்கச் சொல்லு என்றார்.